மருந்தை மறுத்தது யார்?

பைத்தியம் பிடித்தவன் ஒரு உயிரை எடுத்துவிட்டால் அது குற்றமா, இல்லையா?

டீக்கடையில் பத்திரிகை விரிக்கும்போது இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. “மனநலம் பாதித்தவர் வெறிச்செயல்” என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே நாலு வரிச் செய்தி. அதில் ஒரு வரி: “இவர் சில காலமாக மாத்திரை சாப்பிட மறுத்து வந்ததாகக் கூறப்படுகிறது.” அவ்வளவுதான், டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. “மருந்து வேண்டாம் என்று சொன்னவன் அவன்தானே? பலனை அவனே அனுபவிக்கட்டும்” என்கிறார் ஒருவர். “பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான், தூக்கில் போட வேண்டும்” என்கிறார் இன்னொருவர்.

இரண்டு பேரும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. மருந்தை மறுத்தது யார்? அந்த நோயாளியா? அவனுக்கு மருந்து எட்டாதபடி வைத்திருக்கும் ஏற்பாடா?

இது வக்கீல்களின் விவகாரம், நமக்கென்ன என்று தோழர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். பணக்காரன் வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் டாக்டர் காரில் ஏறி வீட்டுக்கே வருவார். தனி அறை உண்டு. பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. விஷயம் வெளியே தெரியாது. வாழைத் தோட்டத்தில் மண் அணைப்பவன் வீட்டில், உப்பளத்தில் உப்பு வாருபவள் வீட்டில், ஆலையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவன் வீட்டில் அதே நோய் வந்தால் கதி மூன்றுதான்: தெரு, சங்கிலி, சிறை. ஆகவே இது நம் பிரச்னை.

சட்டம் சொல்வது

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

1843-ம் ஆண்டு ஜனவரியில் லண்டன் நகரில் ஒருவன், பிரதம மந்திரி ராபர்ட் பீலின் அந்தரங்கக் காரியதரிசியைப் பிரதம மந்திரியே என்று நினைத்துச் சுட்டுக் கொன்றான். அவன் பெயர் டேனியல் மக்நாட்டன். கிளாஸ்கோ நகரில் மரக் கடைசல் வேலை பார்த்தவன். ஆளும் கட்சிக்காரர்கள் தன்னை ஊர் ஊராகத் துரத்தி வேவு பார்க்கிறார்கள் என்று அவன் மனம் நம்பிவிட்டது. ஜூரிகள் அவனைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள். ஆனால் அவன் வீட்டுக்குப் போகவில்லை. 1865-ல் சாகும்வரை பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளிலேயே அடைபட்டுக் கிடந்தான். மகாராணியும் பிரபுக்களும் இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கொதித்துப்போய் நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டார்கள். அதற்கு நீதிபதிகள் சொன்ன பதில்தான் உலகத்தில் பல நாடுகளில் இன்றுவரை சட்டமாக நடமாடுகிறது.

வெள்ளைக்கார சர்க்கார் 1860-ல் நமக்கு எழுதிவைத்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு அதைத் தழுவியதே. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. பெயர் மாறியது, சாரம் மாறவில்லை. சாரம் இதுதான்: ஒரு காரியத்தைச் செய்யும் அந்த நேரத்தில், சித்தசுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு அல்லது சட்ட விரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவன் செய்தது குற்றமாகாது.

“அந்த நேரத்தில்” என்ற சொல்லைக் கவனியுங்கள். நோய் இருந்தது என்றால் மட்டும் போதாது. முந்தின வாரம் எப்படி இருந்தான், மறுநாள் எப்படி இருந்தான் என்பதும் போதாது. கை ஓங்கிய அந்த நிமிஷத்தில் அவன் மனம் எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். காட்டும் பொறுப்பு யாருடையது? குற்றம் சாட்டப்பட்டவனுடையது. 1964-ல் ஒரு குஜராத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருந்திருக்கக்கூடும் என்று நம்பும்படி காட்டினால் போதும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்கும் ஆதாரம் வேண்டுமே!

காகிதம் இருந்தால் நியாயம்

மகாராஷ்டிரத்தில் ஒரு போலீஸ்காரர் 1994-ல் தன் மனைவியைக் கொன்றுவிட்டார். கீழ்க்கோர்ட்டில் ஆயுள் தண்டனை. 2002-ல் சுப்ரீம் கோர்ட் அவரைக் குற்றப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. காரணம் என்ன? சம்பவத்துக்கு முன்பே அவருக்கு மனச்சிதைவு நோய் என்று டாக்டர் எழுதிய காகிதம் இருந்தது. தகப்பனாருக்கும் மனநோய் இருந்ததற்குச் சாட்சி இருந்தது. சம்பவத்துக்குப் பிறகு சில மாதத்துக்குள் 25 தடவை அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோன பதிவும் இருந்தது. காகிதங்கள் பேசின, நியாயம் கிடைத்தது. அந்தத் தீர்ப்பு சரியானதே.

ஆனால் உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறிக்கு யார் காகிதம் எழுதிக் கொடுத்தார்கள்? அவனுக்கு மனம் கலங்கியபோது வீட்டார் கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள். கோடாங்கி சீட்டு எழுதிக் கொடுப்பானா? வேப்பிலை அடித்ததற்கு ரசீது உண்டா? ஊர் முழுக்க “அவன் கிறுக்கன்” என்று பத்து வருஷமாகச் சொல்லியிருக்கும். கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல ஆள் வராது. வந்தாலும், “நீ டாக்டரா?” என்று சர்க்கார் வக்கீல் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்.

ஆகச் சட்டப் புத்தகத்தில் பாதுகாப்பு எல்லாருக்கும் ஒன்றாகத்தான் எழுதியிருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். சீட்டு வைத்திருப்பவன் நோயாளி, சீட்டில்லாதவன் கொலைகாரன்!

54 வருஷம்

நோயாளி என்று ஒப்புக்கொண்டால் மட்டும் ஏழை பிழைத்துவிடுகிறானா? அதையும் பார்ப்போம்.

அசாம் மாநிலத்தில் பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஒரு வாலிபன். 1951-ல், 23 வயதில், ஒருவரைப் படுகாயப்படுத்தியதாகக் கைதானான். மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1967-ல் டாக்டர்கள் குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பினார்களா? இல்லை, குவஹாட்டி சிறைக்கு அனுப்பினார்கள். விசாரணை நடக்கவில்லை. தீர்ப்பும் இல்லை. கட்டைக் கடைசியில் மனித உரிமைக் கமிஷன் கண்ணில் பட்டு, 2005-ல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் கிழவனாக வெளியே வந்தார். 54 வருஷம்! சுப்ரீம் கோர்ட் பிறகு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. வாலிபத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இது ஒருவர் கதை மட்டுமல்ல. 1982-ல் பீகாரின் ஹசாரிபாக் சிறையில், பைத்தியம் என்று அடைத்துக் குணமான பிறகும் 20, 30 வருஷம் விடாமல் வைத்திருந்த கைதிகளின் நிலை ஒரு கடிதத்தின் மூலம் சுப்ரீம் கோர்ட்டுக்குத் தெரியவந்தது. 1993-ல் அதே கோர்ட், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் அதுவரை குற்றமே செய்யாதவர்களும் சிறையில் கிடந்தார்கள் என்றுதானே அர்த்தம்!

“பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்கிறான்” என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். குற்றப் பொறுப்பிலிருந்து விடுபட்டவனைக் கோர்ட் தெருவில் விட்டுவிடுவதில்லை. காவலில் வைக்க உத்தரவிடலாம். அல்லது பொறுப்பேற்று உறுதி எழுதிக் கொடுக்கும் உறவினரிடம் ஒப்படைக்கலாம். உறுதி எழுதிக் கொடுக்க நிலமும் வீடும் உள்ள சொந்தக்காரன் ஏழைக்கு எங்கே இருக்கிறான்?

ஏன் வேண்டாம் என்கிறான்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். மாத்திரை வேண்டாம் என்று அவன் சொன்னது உண்மைதானே?

உண்மைதான். ஏன் சொன்னான் என்று கேட்க வேண்டாமா?

காலில் முள் தைத்தால் மனம் அறியும். மனத்திலேயே முள் தைத்தால் யார் அறிவது? மனச்சிதைவு போன்ற கடும் நோயில், தனக்கு நோய் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் விஷம் வைக்கிறான் என்று முழுமனதோடு நம்புகிறவன், மாத்திரையையும் விஷம் என்றுதான் நம்புவான். அவன் மறுப்பது பிடிவாதத்தினால் அல்ல. அந்த மறுப்பே நோயின் ஒரு அடையாளம்.

அடுத்த காரணம் நம் வேலை சம்பந்தமானது. இந்த மருந்துகளில் சில தூக்கத்தைக் கொடுக்கும், கை நடுங்கும், உடம்பு விறைக்கும். “அண்ணாச்சி, இதைத் தின்னுட்டு எப்படிப் பனை ஏற?” என்று ஒருவன் கேட்டால் என்ன பதில்? தறியில் நிற்பவன் கண் அயர்ந்தால் விரல் போய்விடும். கூலி போகிறது, மருந்தை விட்டால் கூலி வருகிறது. அவன் எதை விடுவான்? டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து மாற்றலாம், சிலருக்கு மாதம் ஒரு தடவை ஊசியாகவே போடலாம். ஆனால் அதைச் சொல்ல டாக்டரைப் பார்க்க வேண்டும். திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சுமார் 40 கிலோமீட்டர். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி அதைவிடத் தூரம். நோயாளியின் ஒரு நாள் கூலி போயிற்று. கூடப் போகிறவரின் கூலியும் போயிற்று. பஸ் சார்ஜ் வேறு. மருந்து இலவசம்தான். அந்த இலவசத்தை வாங்கப் போகும் செலவை யார் கொடுப்பது?

மூன்றாவது காரணம் மானம். “கிறுக்காஸ்பத்திரிக்குப் போகிறான்” என்று ஊர் சொன்னால் தங்கச்சிக்குக் கல்யாணம் நின்றுவிடும். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே சீட்டைக் கிழித்துப் போடுகிறார்கள்.

2015-16-ல் பெங்களூர் நிமான்ஸ் நிலையம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் சேர்ந்திருந்தது. மனநோய் உள்ளவர்களில், நோயின் வகைக்கு ஏற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்று அது கண்டது. நூற்றுக்கு எழுபது பேரும் மருந்தைக் கையில் வாங்கி வீசி எறிந்தவர்களா? அவர்கள் கைக்கு மருந்து வந்ததே இல்லை!

“குடித்துவிட்டு வெட்டியவனைச் சட்டம் விடுவதில்லையே, மருந்தை விட்டவனை மட்டும் ஏன் விடவேண்டும்?” என்று சிலர் வாதிக்கிறார்கள். நியாயமான கேள்வி போலத் தோன்றும். தானாக விரும்பிக் குடித்தவனைச் சட்டம் பொறுப்பாளி ஆக்குகிறது. ஏனென்றால் கிளாஸைத் தூக்கும்போது அவன் புத்தி தெளிவாக இருந்தது. நோயாளி மாத்திரையைத் தள்ளும்போது தள்ளுவது நோய் பிடித்த மனம். இரண்டும் ஒன்றாகுமா? நல்ல தெளிவில் இருந்தபோது தெரிந்தே விட்டவர்களும் சிலர் இருக்கலாம். அவரவர் விஷயத்தைக் கோர்ட் தனித்தனியாக ஆராயட்டும். ஆனால் “மருந்தை மறுத்தான்” என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எல்லாரையும் குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடி வாங்குகிறவர்கள்தான் அவர்கள்.

கட்டாயம் எது, கருணை எது?

அப்படியானால் பிடித்துக் கட்டி மருந்து கொடுத்துவிடலாமா? கூடாது. சொத்துக்காக அண்ணனைப் பைத்தியம் என்று சொன்ன தம்பிகள் உண்டு. வேறு கல்யாணம் செய்துகொள்ள மனைவியைக் கிறுக்கி என்று சொன்ன புருஷர்கள் உண்டு. ஒரு மனிதனைப் பைத்தியம் என்று முத்திரை குத்தி அடைத்துவிடும் அதிகாரம் மிகவும் ஆபத்தானது.

2017-ல் வந்து 2018 மே மாதம் அமலான மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது. நோயாளிக்கும் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டு. தெளிவாக இருக்கும்போதே, “எனக்கு நோய் முற்றினால் இப்படிச் செய்யுங்கள், இன்னார் என் சார்பில் பேசட்டும்” என்று முன்கூட்டி எழுதி வைக்கலாம். தன்னையோ பிறரையோ தாக்கும் நிலை வந்தாலும், தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை வந்தாலும், நியமித்த பிரதிநிதி விண்ணப்பித்து, இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்த பிறகு, முதலில் 30 நாள் வரை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் எந்தப் பதிவு பெற்ற டாக்டரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். தெருவில் திரியும் நோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் சிகிச்சை இலவசம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்தச் சட்டம் தாலுகா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தால்தான் சட்டம்.

சங்கிலியும் தீயும்

நம் கடற்கரையில் சாமி இல்லாத ஊர் இல்லை. மனம் கலங்கியவர்களைத் திருச்செந்தூர் சந்நிதிக்கு அழைத்து வருகிறார்கள். நாழிக்கிணற்றில் குளிப்பாட்டி இலை விபூதி பூசுகிறார்கள். புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும், உவரிக்கும், ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும் கொண்டுபோகிறார்கள். அந்தத் தாயையும் தகப்பனையும் நாம் கேலி செய்யவில்லை. பிள்ளையைக் கைவிடாமல் தோளில் சாய்த்துக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள்தான். கைவிட்டவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கண்ணீரை வைத்து வியாபாரம் செய்தவர்களும் உண்டு. ராமநாதபுரம் ஏர்வாடியில் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. டாக்டர் இல்லை, மருந்து இல்லை. கூரைக் கொட்டகை, காலில் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் சர்க்கார் விழித்தது. அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள். 500-க்கு மேற்பட்டவர்களைச் சர்க்கார் பொறுப்பில் எடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கெடுத்தது. காப்பகம் நடத்தியவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் 2007-ல் 7 வருஷச் சிறை கிடைத்தது.

தோழர்களே, குற்றப் பொறுப்பு என்று பேசுகிறோமே, இங்கே யார் பொறுப்பு? சங்கிலி போட்டவர் சிறைக்குப் போனார், சரி. ஏர்வாடி சங்கிலிகளைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகள்? மனநோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சென்னைக் கீழ்ப்பாக்கம் என்று தென் மாவட்ட மக்களைக் காலமெல்லாம் அலையவிட்ட சர்க்கார்கள்? மனநோயாளி செய்ததற்கு அவன் மனத்தைத் துருவித் துருவி ஆராயும் சட்டம், தெளிந்த புத்தியோடு கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்களை ஒரு கேள்வி கேட்டதா?

பின்னாளில் அதே ஏர்வாடியில் பிரார்த்தனையும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். அது நல்ல வழி. விபூதியும் பூசட்டும், மாத்திரையும் கொடுக்கட்டும். அந்த ஏற்பாடு திருச்செந்தூரில் ஏன் முடியாது?

இழந்தவருக்கு நியாயம்

இவ்வளவு சொல்லும்போது உயிரிழந்தவரை மறந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அவரும் நம் வர்க்கம்தான். கட்டிய மனைவி, பெற்ற தாய், பக்கத்துக் குடிசைக்காரன். “அவன் நோயாளி, குற்றமில்லை” என்று கோர்ட் சொன்னால் அந்தக் குடும்பத்தின் வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் தூக்குக் கயிறு அடுப்பு மூட்டாது. குற்றவாளி இல்லை என்று வழக்கு முடிந்தாலும், பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு தேவை என்றால் நஷ்ட ஈட்டுக்குக் கோர்ட் சிபாரிசு செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது. யூனியன் தோழர்கள் தெரியப்படுத்த வேண்டும்.

செய்ய வேண்டியதும் கேட்க வேண்டியதும்

வீட்டில் ஒருவருக்கு மனம் கலங்கினால் கட்டிப்போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சீட்டைக் கிழிக்காதீர்கள், ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். அது மருந்துக்கும் ஆதாரம், நாளை கோர்ட்டுக்கும் ஆதாரம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற சர்க்கார் மனநல நம்பரில் கேளுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் ஆலை யூனியன்களும், மருந்து வாங்கப் போகிறவருக்குத் துணையாக முறை வைத்து ஒரு தோழரை அனுப்ப முடியாதா? முடியும். வேலை நிறுத்தத்தில் நூறு குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியவர்கள் நாம்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இவை:

1. திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம் தாலுகா ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றிலும் குறித்த கிழமையில் மனநல டாக்டர் தவறாமல் இருக்க வேண்டும். ஒரு மாத மருந்து அங்கேயே கிடைக்க வேண்டும்.

2. நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் இலவச பஸ் பாஸ், அன்றைய கூலிக்கு ஈடு.

3. மருந்துக்கு வராமல் நின்றுபோனவரை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஊழியர்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை, நியாயமான சம்பளம்.

4. திருச்செந்தூர் கோயில் வளாகத்தின் அருகே மனநலச் சிகிச்சை நிலையமும், கைவிடப்பட்டவர்களுக்குத் தங்கும் இடமும்.

5. கொலை, கொடுங்காய வழக்குகளில் மனநோய் சந்தேகம் எழுந்தால் கைதான உடனே மனநல டாக்டர் பரிசோதனை. முதல் நாளிலிருந்தே இலவச வக்கீல். வழக்கு நடக்காமல் அடைபட்டுக் கிடக்கும் மனநோயாளிக் கைதிகளின் பட்டியலை வருஷந்தோறும் வெளியிட வேண்டும்.

6. மனநோய்ச் சிகிச்சை பெறுகிறார் என்பதற்காகத் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கினால் முதலாளி மீது நடவடிக்கை.

இந்த ஆறும் தானமல்ல, உரிமை. இவை கிடைத்த பிறகும் ஒருவன் மருந்தை மறுத்தால், அவன் பொறுப்பைப் பற்றிக் கோர்ட் பேசட்டும். அதுவரை, மருந்தை மறுத்தது யார் என்ற கேள்விக்கு ஆள்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.